இரண்டு கட்சிக்கும் பொதுவாகச் செத்தவள்

என் அம்மா செர்வா செத்துப்போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கும்போது. அதில் அக்கா பொக்குவா போனில் வந்து தம்பி ஜாசியைத் திட்டி முடித்திருந்தாள். ஜாசி பதிலுக்குத் திட்டுவதற்காக லைனில் காத்திருந்தான். நடுவில் தக்காளி விழுது விளம்பரம். அது முடிந்து ஜாசி தொண்டையைச் செருமினான், லைன் அறுந்துபோனது. நான் கஞ்சியை எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது அம்மாவின் உயிரும் போயிருந்தது. ரேடியோ மட்டும் அவள் மடியில் பேசிக்கொண்டிருந்தது.

கானாவில் அதிபர் தேர்தல் நடக்கிற வருடத்தில் யாரும் சாகக்கூடாது. செத்தால் புதைக்க விடமாட்டார்கள். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. கோபப்பட எனக்குத் தெம்பில்லை.

எங்களுக்கு இரண்டு கட்சிகள். உரல் கட்சிக்குச் சிவப்பு, தோணிக் கட்சிக்குக் கறுப்பு. இரண்டு கட்சியின் தேர்தல் அறிக்கையையும் கும்மாசியில் ஒரே அச்சகத்தில்தான் அடித்தார்கள். ஒரு கட்டு அட்டை மாறி எங்கள் ஊருக்கு வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு ஒரு மாதம் பிரசாரம் செய்தார்கள், யாருக்கும் தெரியவில்லை. அறிக்கையை யார் படிக்கிறார்கள்? அவன் தலை பழுக்காத பப்பாளி, இவன் மூஞ்சி வேகாத சோளமாவுக் கெங்கே உருண்டை, இதுதான் பிரசாரம். நான் லாரி நிலையத்தில் பஞ்சர் ஒட்டுகிறவன். என் காற்றடிக்கும் மெஷின் சிவப்பு நிறம் என்று தோணிக் கட்சி டிரைவர்கள் காற்றடிக்க வரவில்லை. பாதிக்குக் கறுப்பு அடித்தேன். இப்போது இரண்டு கட்சிக்காரர்களும் வருவதில்லை.

அக்கா உரல் கட்சியின் வாய். தம்பி தோணிக் கட்சியின் வாய். வாய் என்பது எங்கள் ஊரில் ஒரு பதவி. விடிந்ததும் ரேடியோவுக்கு போன் போட்டு எதிர்க்கட்சியைத் திட்ட ஒவ்வொரு கட்சியும் ஆள் வைத்திருக்கும். கட்சியே ரீசார்ஜ் செய்து தரும். ஜெயித்தால் வேலை தருவதாகச் சொல்லும். அக்கா கும்மாசியில் துணி விற்றுக்கொண்டே திட்டினாள். தம்பி ஒபுவாசியில் சுரங்கத்து வாசலில் நின்று திட்டினான். ஒருவர் இருக்கும்போது மற்றவர் வந்துவிட்டால் வம்பு என்று இருவருமே வீட்டுப் பக்கம் வருவதை விட்டுவிட்டார்கள்.

அம்மாவுக்கு இதில் கோபமே கிடையாது. பிள்ளைகளின் குரலைத் தினமும் கேட்க அவளுக்கு இருந்த ஒரே வழி அதுதான். அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பதை அவள் காதில் வாங்கியதாகவே எனக்குத் தெரியவில்லை.

"பொக்குவாவுக்குச் சளி புடிச்சிருக்குடா. குரலைப் பாரு. இஞ்சி வாங்கி கும்மாசி வண்டில குடுத்து விடு" என்பாள். "ஜாசி வெறும் வயித்துல பேசுறான். பாதி வார்த்தை உள்ளேயே நிக்குது" என்பாள்.

எங்கள் ஊரில் சண்டை முற்றினால் எதிராளியின் அம்மாவை இழுப்பது வழக்கம். அதற்கு மேல் வசவு இல்லை. அக்கா தம்பியின் அம்மாவை இழுப்பாள். தம்பி அக்காவின் அம்மாவை இழுப்பான். அம்மா பல் தெரியச் சிரிப்பாள்.

"ரெண்டு பேரும் என்னையத்தான்டா திட்டுறாங்க. அதுலயாவது ஒத்துமையா இருக்காங்களே" என்பாள். ஒருநாள் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "நான் போனா ரெண்டு பேரையும் ஒரே பந்தல்ல உக்கார வைடா அடொமாக்கோ. வேற எதுவும் வேணாம்."

நானும் தலையாட்டினேன். ஒரு பந்தல்தானே, பெரிய காரியமா என்று நினைத்தேன். அப்போது எனக்கு நாவடக்கக் குழுவைப் பற்றி அதிகம் தெரியாது.

தேர்தல் கால நாவடக்கக் குழு என்பது, வசவு தாங்கமுடியாமல் போனதால் மாவட்டத்துக்கு ஒன்றாக அமைக்கப்பட்டது. அதன் தலைவர் டாக்டர் அங்காமா மீன் காயவைப்பதில் முனைவர் பட்டம் வாங்கியவர். செயலாளர் திருமதி டான்சோ ஒரு பெரிய கைப்பையும் சின்ன மணியும் வைத்திருப்பார். குழு பல நாள் கூடிப் பேசி, ஒரே ஒரு விதியைக் கண்டுபிடித்தது. அசிங்கமான ஒன்றைச் சொல்லவேண்டி வந்தால் 'செபே' என்று முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்வது எங்கள் முன்னோர் வழக்கம். பெரியவர்கள் முன்னால் வயிற்றுப்போக்கைப் பற்றிப் பேச நேர்ந்தால்கூட செபே சொல்லிவிட்டுத்தான் பேசுவோம். குழு அதையே சட்டமாக்கியது. இனி செபே சொல்லாமல் யாரும் யாரையும் திட்டக்கூடாது.

சொல்லிவிட்டால் திட்டலாம் என்று ஊர் புரிந்துகொண்டது. அதுவரை கூச்சப்பட்டுக்கொண்டிருந்த பாதிரியாரும் பள்ளி ஆசிரியர்களும்கூட செபே சொல்லித் திட்ட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

அம்மா போன அன்று முதலில் அக்காவுக்கு போன் போட்டேன். ஓவென்று அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "அவனுக்குச் சொல்லிட்டியா?" என்றாள்.

"இனிமேத்தான் சொல்லணும்."

"அவன்கூட என்னால பேச முடியாது. சாவு எடுக்கிற தேதி என்னன்னு ரேடியோல சொல்லச் சொல்லு. நான் பதில் சொல்றேன்."

தம்பியும் அழுதான். பிறகு, "அவகிட்ட நான் நேர்ல பேசுனேன்னு தெரிஞ்சா கட்சில என்னைய என்ன நினைப்பாங்க அண்ணே? ரேடியோல பேசிக்கலாம். அதுல ஒரு தப்பும் இல்ல" என்றான்.

ஆக என் அம்மாவின் சாவுக்குத் தேதி குறிக்க நானும் மறுநாள் காலை ரேடியோவுக்கு போன் போட்டேன். நிகழ்ச்சி நடத்துகிற டார்க்வா எடுத்தான்.

"வணக்கம் நேயரே, எந்தக் கட்சி?"

"கட்சி இல்லண்ணே. எங்க அம்மா இறந்துட்டாங்க."

"அடடா. ஆழ்ந்த அனுதாபங்கள். எந்தக் கட்சி?"

"எனக்குக் கட்சியே கிடையாதுண்ணே."

"அப்ப எந்த லைன்ல வந்தீங்க? இங்க ரெண்டு லைன்தான் இருக்கு. ஒண்ணு உரலுக்கு, ஒண்ணு தோணிக்கு. சும்மா இருக்கிறவங்களுக்கு லைன் போடலையே."

உரல் லைன்தான் கிடைத்தது என்றேன். அப்படியானால் உரல் சார்பாகப் பேசுங்கள் என்றான். உரல் சார்பாக என் அம்மா செத்ததைச் சொன்னேன். அக்கா லைனில் வந்து, மாதக் கடைசிச் சனிக்கிழமை எடுக்கலாம் என்றாள். தம்பிக்கும் அந்தச் சனிக்கிழமைதான் வசதி, என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தான். ஆனால் அக்கா முந்திக்கொண்டதால் அவன் அதை எதிர்த்தே ஆகவேண்டியிருந்தது. "செபே, சனிக்கிழமையைக்கூட இந்த உரல் கட்சி கொள்ளையடிக்கப் பாக்குது" என்றான். அக்கா, தோணிக் கட்சி ஆட்சியில் வாரத்துக்கு ஒரு சனிக்கிழமைகூட ஒழுங்காக வரவில்லை என்றாள். டார்க்வா நேயர்களைக் கருத்துச் சொல்ல அழைத்தான். நிறையப் பேர் சொன்னார்கள். கடைசியில் சனிக்கிழமையே நின்றது, யார் சொன்ன சனிக்கிழமை என்பது முடிவாகவில்லை.

அன்று மத்தியானமே திருமதி டான்சோ போன் போட்டார். மரண அறிவிப்பு உரல் லைனில் மட்டும் போயிருப்பதால் சமநிலை கெட்டுவிட்டது, நாளை தோணி லைனிலும் சொல்லவேண்டும் என்றார். வியாழக்கிழமை அம்மா மறுபடியும் செத்தாள். டார்க்வா மறுபடியும் ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தான்.

பிரசாரக் காலத்தில் ஆள் கூடுகிற எந்த நிகழ்ச்சிக்கும் குழுவின் அனுமதி வேண்டும். சவ அடக்கமும் ஆள் கூடுகிற நிகழ்ச்சி. குழு கூடுகிற மாவட்ட மன்றத்துக்குப் போனேன். கிறிஸ்தவ ஜெபம் நடந்தது. முஸ்லிம் துஆ நடந்தது. முன்னோருக்குத் தரையில் மது வார்த்தார்கள். இறைச்சி பன்னும் ஃபான்டாவும் வந்தன. குழு தின்று முடிக்கும்வரை நின்றேன். பிறகு டாக்டர் அங்காமா எழுந்தார். கேட்க நான் ஒருவன்தான் இருந்தேன். அதற்காக அவர் மைக்கை விடவில்லை.

"தம்பி, நாங்க வசவுக்கு எதிரிங்க இல்ல. வசவு நம்ம பண்பாடு. நம்ம பாட்டன் முப்பாட்டன் எல்லாம் திட்டினவங்கதான். வசவு ஒரு பக்கம் கூடிப்போனாத்தான் நாட்டுக்கு ஆபத்து. ரெண்டு பக்கமும் சமமா இருந்தா அதுக்குப் பேர்தான் அமைதி. இந்தக் குழு வந்த பிறகு வசவு குறைஞ்சிருக்கான்னு சில பேர் கேக்குறாங்க. இல்ல. மூணு மடங்கு கூடியிருக்கு. ஆனா எல்லாம் முறைப்படி நடக்குது. குறைக்கணும்னா குறைச்சிடலாம் தம்பி. குறைஞ்சா இந்தக் குழு எதுக்குன்னு கேப்பாங்க. வாசல்ல நிக்கிற வண்டியைத் திருப்பிக் கேப்பாங்க. டிரைவருக்குச் சின்னச் சின்னப் பிள்ளைங்க இருக்கு. நாம மனுஷத்தன்மையோட யோசிக்கணும்."

திருமதி டான்சோ கைதட்டினார். பிறகு சாவுக்கு என்ன உடுத்துவீர்கள் என்று கேட்டார்.

"வழக்கம்போலத்தாம்மா. நெருங்கின சொந்தக்காரங்க சிவப்பு, மத்தவங்க கறுப்பு."

டாக்டர் அங்காமா ஃபான்டாவைக் கீழே வைத்தார்.

"நெருங்கின சொந்தம் எல்லாரும் உரல் கட்சியா?"

"ஐயா, சாவுன்னா சிவப்பு கட்டுறது நம்ம வழக்கம். உங்க வீட்டு சாவுக்கும் நீங்க சிவப்புதானே கட்டினீங்க. நானே வந்திருந்தேன்."

"வீட்டுல நான் மனுஷன் தம்பி. இங்க நான் தலைவர்."

வெள்ளை உடுத்தட்டுமா என்று கேட்டேன். வெள்ளை சுயேச்சை வேட்பாளருடைய நிறம், அவர் இன்னும் மனுத்தாக்கல் செய்யவில்லை, ஆனால் உரிமை இருக்கிறது என்றார்கள். கடைசியில் தீர்ப்பு வந்தது. சிவப்புக்கு ஒரு பந்தல், கறுப்புக்கு ஒரு பந்தல். நடுவில் தெரு. தெருவின் நடுவில் அம்மாவின் பெட்டி. இரண்டு பக்கமும் கயிறு.

"ஐயா, ஒரே பந்தல்னு எங்க அம்மா ஆசைப்பட்டாங்க. அது ஒண்ணுதான் கேட்டாங்க."

"உங்க அம்மா எந்தக் கட்சி?"

"அம்மாவா? அம்மா ரேடியோ கேப்பாங்க ஐயா."

அது போதாது என்றார்கள். அடுத்து, தலை எந்தப் பக்கம் என்ற பிரச்சினை வந்தது. தலை உரல் பக்கம் என்றால் தோணிக்குக் காலைக் காட்டுவதாக ஆகிவிடும். உச்சி வேளையில் பெட்டியைத் திருப்பிவைப்பது என்று முடிவானது. இதோடு விட்டார்கள் என்று நான் எழுந்திருக்கப்போனேன். திருமதி டான்சோ மணியை அடித்தார்.

"ஒரு வசவு பாக்கி இருக்கு தலைவரே. போன செவ்வாய்க்கிழமை பொக்குவா அவர்கள், ஜாசி அவர்களுடைய அம்மாவை இழுத்திருக்காங்க. ஜாசி பதில் சொல்றதுக்குள்ள லைன் போயிருச்சு. இப்ப உரல் கட்சி ஒரு வசவு முன்னாடி நிக்குது."

டாக்டர் அங்காமாவின் முகம் இருண்டது. "அப்ப ஜாசி அவர்கள், பொக்குவா அவர்களுடைய அம்மாவைத் திட்டணும். அடக்கத்துக்கு முன்னாடி, எல்லாருக்கும் கேக்குற மாதிரி. அப்பத்தான் அனுமதி."

"ஐயா, ரெண்டு பேருக்கும் ஒரே அம்மாதான்."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதை நான் மறுக்கமாட்டேன்.

"அது உங்க குடும்ப விஷயம். அதுல குழு தலையிடாது."

"அவங்கதான் ஐயா செத்துக் கிடக்கிறாங்க!"

"அதனாலதான் அவசரம். புதைச்சுட்டா மறைந்தவங்களைத் திட்டினதா ஆயிடும். அதுக்கு வேற விதி."

சனிக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. ஊரே வந்திருந்தது. சிவப்பெல்லாம் ஒரு பந்தலில், கறுப்பெல்லாம் எதிர்ப்பந்தலில். அக்கா அந்தப் பக்கம் முன்வரிசையில், தம்பி இந்தப் பக்கம் முன்வரிசையில். நான் எந்தப் பந்தலிலும் சேராமல் பெட்டியின் பக்கத்தில் நின்றேன். ஒப்பாரி வைக்க வந்த பெண்களை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துவிட்டார்கள். ஒருபக்கம் கூப்பிட மறுபக்கம் பதில் பாடுவதுதான் எங்கள் ஒப்பாரி. அதை ஒருபக்கம் பாட மறுபக்கம் மறுப்புத் தெரிவிப்பதாக ஆக்கியிருந்தார்கள்.

உரல் கட்சியின் மாவட்டத் தலைவர் பேசினார். "செபே, இந்தத் தாய் செத்ததற்குக் காரணமே தோணிக் கட்சி கட்டாத ஆஸ்பத்திரிதான்" என்றார். தோணிக் கட்சியின் மாவட்டத் தலைவர், "செபே, இந்தத் தாய் இத்தனை நாள் உயிரோடு இருந்ததற்குக் காரணமே தோணிக் கட்சிதான்" என்றார். அம்மாவின் பெயரை இருவரும் தப்பாகச் சொன்னார்கள், அதில் மட்டும் சமநிலை இருந்தது. திருமதி டான்சோ மணியோடு நடுத்தெருவில் அலைந்தார்.

உச்சி வேளையில் குழுவின் ஆட்கள் வந்து பெட்டியைத் தூக்கித் தலைமாற்றி வைத்தார்கள். உள்ளே அம்மாவின் தலை லேசாக ஆடியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் வராத அழுகை. இவள் யாருக்கு என்ன செய்தாள்?

பிறகு மைக்கை ஜாசியிடம் கொடுத்தார்கள்.

கறுப்புப் பந்தல் ஆர்ப்பரித்தது. "போடு ஜாசி! விடாதே! அவ அம்மாவை இழு!" சிவப்புப் பந்தலில் பதில் வசவுக்கு ஆளைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். டாக்டர் அங்காமா நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

ஜாசி கயிற்றைத் தாண்டிப் பெட்டியின் பக்கத்தில் வந்தான். மூடி திறந்திருந்தது. தொண்டையைச் செருமினான். செவ்வாய்க்கிழமை ரேடியோவில் செருமிய அதே செருமல்.

"செபே" என்றான்.

தெருவே காத்திருந்தது. அவன் குனிந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தான். மாதக்கணக்காகப் பார்க்காத முகம்.

"செபே, அம்மா" என்றான்.

அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. மணியை அடிப்பதா வேண்டாமா என்று திருமதி டான்சோவுக்குத் தெரியவில்லை.

"மிச்சத்தைச் சொல்லுங்க" என்றார்.

"அவ்வளவுதாம்மா."

"அது எப்படி அவ்வளவுதான்? வசவு எங்க?"

அப்போது எதிர்ப்பந்தலில் ஒரு நாற்காலி கவிழ்ந்தது. பொக்குவா வந்துகொண்டிருந்தாள். அவள் கட்சித் தலைவர் அவள் துணியைப் பிடித்து இழுத்தார். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் விட்டுவிட்டார். கயிற்றைக் காலால் மிதித்துத் தாண்டினாள். திருமதி டான்சோ மணியைத் தூக்கினார்.

"அடிச்சுப் பாரு. அதைப் புடுங்கி உன் பைக்குள்ளயே போட்டு மூடிருவேன்" என்றாள் அக்கா. செபே சொல்லவில்லை.

தம்பியின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். "செபே, அம்மா" என்றாள். மைக்கைக் கீழே வைத்தாள். தம்பியின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "காலைல சாப்பிட்டியா?" என்று கேட்டாள். மைக் அணைக்கப்படாததால் ஊருக்கே கேட்டது.

"இல்லக்கா" என்றான் ஜாசி. அதுவும் கேட்டது.

இதற்கு எப்படிக் கைதட்டுவது என்று இரண்டு கட்சிக்கும் தெரியவில்லை. அம்மா கேட்டது ஒரே பந்தல். அவளுக்குக் கிடைத்தது பந்தலே இல்லாத நடுத்தெரு, மொட்டை வெயில். ஆனாலும் இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்றார்கள். எனக்கு அது போதும்.

குழு அவசரமாகக் கூடியது. வசவு இல்லாமல் மன்னிப்பு மட்டும் கேட்பதற்கு விதியில் இடமிருக்கிறதா என்று விவாதித்தார்கள். இரண்டு தரப்பும் சேர்ந்தே கேட்டுவிட்டதால் சமநிலை சரியாகிவிட்டதா, மோசமாகிவிட்டதா என்றும் விவாதித்தார்கள். டாக்டர் அங்காமா மைக்கைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் தேடி எடுப்பதற்குள் நாங்கள் பெட்டியைத் தூக்கிவிட்டோம். முன்னால் ஒரு பக்கம் ஜாசி, மறுபக்கம் நான். பொக்குவா பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டே நடந்தாள். அனுமதி இன்றுவரை வரவில்லை. விஷயம் தேர்தலுக்குப் பிறகு பரிசீலிக்கப்படும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் அம்மாவின் ரேடியோவைப் போட்டேன். மனம் ஏதோ ஒன்றை எதிர்பார்த்தது, பொய் சொல்வானேன்.

டார்க்வா வணக்கம் சொன்னான். உரல் லைனில் பொக்குவா வந்தாள். தோணி லைனில் ஜாசி வந்தான். பப்பாளித் தலை வந்தது, கெங்கே உருண்டை வந்தது. சண்டை முற்றியது. அக்கா வாயைத் திறந்தாள், ஒரு நொடி நின்றாள், பிறகு தம்பியின் அப்பாவை இழுத்தாள். தம்பி பதிலுக்கு அக்காவின் அப்பாவை இழுத்தான். அப்பா செத்துப் பல வருடமாகிறது. அவர் உயிரோடிருந்தபோதே எதையும் கண்டுகொண்டதில்லை.

அம்மாவை இருவரும் தொடவில்லை.

நான் ஒரு டயரைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மூச்சு விடாமல் திட்டிக்கொண்டே போனாள். 'ம', 'ன' எல்லாம் மூக்கில் அடைத்துக்கொண்டு வந்தன. சனிக்கிழமை இடுகாடு வரைக்கும் மொட்டை வெயிலில் நடந்தவள். டயரை அப்படியே போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கும்மாசி வண்டி கிளம்புவதற்குள் இஞ்சி வாங்கப் போனேன்.